செகண்ட் ஹேண்ட் அமெரிக்கன் மசில் கார் வாங்கணுமா? அடிக்கடி கேக்கற கேள்விகள்

அமெரிக்கா வந்து கொஞ்சம் செட்டில் ஆனதும் கேம்ரியும் அக்கார்டும் போர் அடிச்சுடுது, சிக்னல்ல பக்கத்துல ஒரு வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) உறுமினா தலை தானா திரும்புது, அப்புறம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு "மஸ்டாங் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், வாங்கலாமா"ன்னு மெசேஜ் வருது. அப்படி வர்ற கேள்விகளை எல்லாம் சேத்து ஒரே இடத்துல எழுதி வச்சுடறேன். பட்ஜெட் 15,000லேர்ந்து 25,000 டாலர் வரைக்கும்னு வச்சுக்கங்க.

கே: மஸ்டாங் மசில் காரே இல்லன்னு ஒருத்தர் சண்டைக்கு வர்றார், உண்மையா?

அவர் சொல்றதுல பாயிண்ட் இருக்கு. மசில் கார்னா நடுத்தர சைஸ் கார்ல பெரிய வி8 எஞ்சின். 1964ல போண்டியாக் கம்பெனிக்காரங்க நடுத்தர சைஸ் டெம்பெஸ்ட் கார்ல பெரிய கார்களுக்குப் போடற 389 கியூபிக் இன்ச் எஞ்சினைத் தூக்கி வச்சு ஜிடிஓன்னு வித்தாங்க, மசில் கார் மோகம் அங்கதான் சூடு பிடிச்சுது. ஃபோர்டு மஸ்டாங், செவர்லே கமாரோ எல்லாம் சைஸ்ல சின்னது, போனி கார்னு சொல்வாங்க. நான் ரெண்டையும் ஒண்ணாத்தான் பேசப் போறேன், சண்டை போடணும்னா தனியா போட்டுக்கங்க.

கே: கையில 20,000 இருக்கு, 20,000க்கே வண்டி பாக்கலாமா?

கூடாது. 16,000க்கு பாருங்க. மிச்சம் நாலாயிரம் முதல் வருஷத்துல கண்டிப்பா கரைஞ்சிடும், ஏன்னா இந்த மாதிரி வண்டியை விக்கறவன் பெரும்பாலும் டயர் முடியற நேரத்துல தான் விப்பான், பின் டயர் ரெண்டும் அகலம், விலையும் அப்படித்தான், அதோட பிரேக், பேட்டரி, ஆயில், கூலன்ட், ரிஜிஸ்ட்ரேஷன், சேல்ஸ் டேக்ஸ்னு வரிசையா வரும். டயர் பக்கவாட்டுல டாட் நம்பர் இருக்கும், அதுல கடைசி நாலு இலக்கம் பாருங்க, 2316ன்னு இருந்தா 2016ல 23வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். திரெட் நல்லா இருக்கு பாஸ்னு காட்டுவான், பத்து வருஷ ரப்பர் கல்லு மாதிரி இறுகியிருக்கும், மழை ரோட்ல 400 குதிரைத்திறனை அது பிடிச்சு வைக்காது.

கே: 60கள் வண்டியா, 2005க்கு அப்புறம் வந்ததா?

தினமும் ஆபீஸ் போகணும்னா யோசிக்கவே வேணாம், 2005க்கு அப்புறம் தான். 60கள் வண்டி ஒரு அழகான தலைவலி, ஞாயித்துக்கிழமை வண்டி, கராஜ் இல்லாதவங்களுக்கு இல்லவே இல்ல. இன்னொரு விஷயம், ஒரு ஆர்வக்கோளாறுல 1965 மஸ்டாங்கைப் பாத்து மயங்கறவங்களுக்குத் தெரியாதது: அதுல பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை தான், ஏதோ ஒரு லைன்ல லீக் ஆனா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போயிடும். ரெண்டு அறை வச்சது 1967லதான் வந்துது. பழைய ஓனர் அதை ஏற்கெனவே மாத்தியிருந்தா அவர் வண்டியை நேசிச்சவர்னு ஒரு அடையாளம்.

கே: மஸ்டாங்ல எந்த வருஷம்?

என்னைக் கேட்டா 2011லேர்ந்து 2014 ஜிடி, அதாவது வி8 போட்ட மாடல். இந்த பட்ஜெட்டுக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாதுன்னே சொல்வேன். 2011லதான் 5.0 லிட்டர் கொயோட்டி எஞ்சின் வந்துது, 412 குதிரைத்திறன், 2013ல 420 ஆச்சு. எஞ்சின் கெட்டி, பார்ட்ஸ் எந்த ஊர்லயும் கிடைக்கும், தெரு முனை மெக்கானிக்குக்குக் கூட கை பழகின வண்டி. குறைன்னா அந்த ஆறு ஸ்பீடு மேனுவல் கியர்பாக்ஸ், எம்டி82ன்னு பேரு, நிறைய பேர் திட்டியிருக்காங்க. டெஸ்ட் டிரைவ்ல வண்டி குளிரா இருக்கும்போதே ஒண்ணுலேர்ந்து ரெண்டு, ரெண்டுலேர்ந்து மூணு நாலஞ்சு தடவை மாத்திப் பாருங்க, ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை கொஞ்சம் வேகமா. முட்டிக்கிட்டு நின்னாலோ கரகரன்னு சத்தம் வந்தாலோ அடுத்த வண்டியைப் பாருங்க, ஊர்ல மஸ்டாங்குக்கா பஞ்சம்.

2005லேர்ந்து 2010 வரைக்கும் ஜிடியில 4.6 லிட்டர், ஒரு சிலிண்டருக்கு மூணு வால்வு, 300 குதிரைத்திறன், 2010க்கு மட்டும் 315. விலை கம்மி, சத்தம் சூப்பர். ஆனா 2008 வரைக்கும் வந்த எஞ்சின்ல ஸ்பார்க் ப்ளக் ரெண்டு துண்டை ஒண்ணா அழுத்திச் செஞ்சது, கழட்டும்போது மேல் பாதி கையில வரும் கீழ் பாதி ஹெட்டுக்குள்ளயே மாட்டிக்கும், அதை எடுக்கத் தனி டூல், தனி கூலி. அதனால "ப்ளக் மாத்தியாச்சா, ரசீது இருக்கா"ன்னு முதல் போன்லயே கேளுங்க. மாத்தலன்னா அந்தக் காசைக் கழிச்சுத்தான் பேரம். பானெட்டோட முன் விளிம்பையும் குனிஞ்சு பாருங்க, அலுமினியம் பானெட், அந்த ஓரத்துல பெயின்ட் கொப்புளமா எழும்பியிருக்கும். ஓட்டறதுக்கு ஒண்ணும் ஆகாது, விலை குறைக்க நல்ல சாக்கு.

2015லேர்ந்து வந்த மாடல்ல பின்னாடி இன்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், மேடு பள்ளத்துல முதுகு வலிக்காது, ஜிடி 2017 வரைக்கும் 435 குதிரைத்திறன். பட்ஜெட்டோட மேல் நுனியில, மைலேஜ் கொஞ்சம் அதிகம் ஓடினதாக் கிடைக்கும். கிடைச்சா நல்லது தான்.

கே: கமாரோ?

ஓட்டறதுல மஸ்டாங்கை விட ஒரு படி மேல, வெளிய பாக்கறதுல நாலு படி கீழ. பாக்கறதுன்னா நிஜமாவே பாக்கறது, ஜன்னல் எல்லாம் அவ்ளோ குறுகல், லேன் மாத்தும்போது கடவுளை வேண்டிக்கிட்டுத்தான் மாத்தணும்.

2010லேர்ந்து 2015 எஸ்எஸ்ல, அதாவது வி8 போட்ட மாடல்ல, ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, விக்கறவங்க சொல்லவே மாட்டாங்க. மேனுவல் வண்டிக்கு எல்எஸ்3 எஞ்சின், 426 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக்குக்கு எல்99, 400 குதிரைத்திறன், அதுல ஹைவேல பெட்ரோல் மிச்சம் பிடிக்க நாலு சிலிண்டரை நிறுத்தி வைக்கற சிஸ்டம் இருக்கு, அந்த சிஸ்டத்தோட லிஃப்டர் (வால்வைத் தூக்கற பாகம்) தான் பின்னாடி வேலை வைக்கும். ரெண்டும் ஒரே விலைன்னா மேனுவலை எடுங்க. இந்த தலைமுறைக்கு 2014ல ஒரு சாவி ரீகாலும் வந்துது, ஓட்டறவர் முழங்கால் பட்டு சாவி திரும்பி எஞ்சின் நின்னுடலாம்னு சொல்லி 2010லேர்ந்து 2014 வரை வந்த வண்டிகளைத் திரும்ப அழைச்சாங்க, அந்த வேலை முடிஞ்சிருக்கான்னு பாத்துக்கங்க.

அதுக்கு முன்னாடி 1998லேர்ந்து 2002 வரை வந்த இசட்28, எஸ்எஸ் எல்லாம் கார்வெட்டோட எல்எஸ்1 எஞ்சின் போட்டது, காசுக்கு வேகம்னு கணக்கு போட்டா இதை அடிச்சுக்க ஆளில்ல. உள்ள உக்காந்தா மட்டும் ப்ளாஸ்டிக் டப்பாக்குள்ள உக்காந்த ஃபீலிங். 1993லேர்ந்து 97 வரைக்கும் வந்த வி8 வேற, அது எல்டி1, அதுல ப்ளக்குக்கு கரன்ட் பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிபியூட்டரைக் கொண்டு போய் வாட்டர் பம்ப்புக்கு அடியில வச்சிருக்கான், பம்ப் ஒழுகினா நேரா அது மேலயே ஒழுகும். எந்த மகராசன் டிசைன் பண்ணானோ.

கே: டாட்ஜ் சேலஞ்சர், சார்ஜர் எல்லாம் நல்லா இருக்காமே?

குடும்பஸ்தனுக்கு ஏத்த மசில் கார்னா சேலஞ்சர் தான், பின் சீட்ல பெரியவங்களே உக்காரலாம், டிக்கியும் பெருசு. நாலு கதவு வேணும்னா சார்ஜர். ஹெமின்னு சொல்ற 5.7 லிட்டர் வி8 போட்ட ஆர்/டி மாடல் இந்த பட்ஜெட்டுக்குள்ள நிறைய வரும், 2009லேர்ந்து 370ஐ ஒட்டி குதிரைத்திறன். 2015லேர்ந்து எட்டு ஸ்பீடு ஆட்டோமேட்டிக் வந்துது, அது பழைய அஞ்சு ஸ்பீடை விட எவ்வளவோ மேல், முடிஞ்சா அதுக்கு அப்புறம் வந்ததாப் பாருங்க.

ஹெமியில காதுதான் மெக்கானிக். வண்டியைப் பாக்கப் போறதுக்கு முன்னாடியே ஓனர்கிட்ட "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க ப்ளீஸ்"னு சொல்லிடுங்க, போனதும் பானெட் மேல கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா அவர் எதையோ மறைக்கறார்னு எடுத்துக்கலாம். குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது டிக் டிக்னு கேட்டு, எஞ்சின் சூடானதும் நின்னுட்டா பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோட போல்ட் உடைஞ்சிருக்கும், செலவு உண்டு, உயிர் போற விஷயம் இல்ல. நல்லா சூடானதுக்கு அப்புறமும் அந்த டிக் நிக்கலன்னா லிஃப்டரும் கேம்ஷாஃப்ட்டும் தேயுது, அது ஆயிரக்கணக்குல டாலர். அங்கேயே கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க.

அப்புறம் ஏர்பேக். 2022 நவம்பர்ல, 2005லேர்ந்து 2010 வரைக்கும் வந்த சார்ஜர், சேலஞ்சர், மேக்னம், கிரைஸ்லர் 300 வண்டிகள்ல டகாட்டாங்கற கம்பெனியோட பழுதான ஏர்பேக்கை மாத்தாதவங்க வண்டியையே ஓட்டாதீங்கன்னு கம்பெனியே அறிவிச்சுது. 2005லேர்ந்து 2014 வரைக்கும் வந்த மஸ்டாங்குக்கும் டகாட்டா ரீகால் உண்டு. மத்திய அரசோட என்எச்டிஎஸ்ஏ (சாலைப் பாதுகாப்பு அமைப்பு) சைட்ல வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) போட்டா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும், டீலர்கிட்ட இலவசமா மாத்திக் கொடுப்பாங்க. எந்த வண்டியா இருந்தாலும் இதைப் பாக்காம சாவியை வாங்காதீங்க.

கே: யாரும் அதிகம் கண்டுக்காத, ஆனா நல்ல வண்டி ஏதாவது?

2004லேர்ந்து 2006 வரை வந்த போண்டியாக் ஜிடிஓ. ஆஸ்திரேலியாவோட ஹோல்டன் மொனாரோவை லெஃப்ட் ஹேண்ட் டிரைவா மாத்தி போண்டியாக் பேட்ஜ் குத்தி அனுப்பினது. 2005, 2006ல எல்எஸ்2 எஞ்சின், 400 குதிரைத்திறன். பாக்க சாதாரணக் கார் மாதிரி இருக்கும், அதனாலயே அப்போ சரியா விக்கல, அதனாலயே எனக்குப் பிடிக்கும். சீட்டெல்லாம் அருமை. ஆனா போண்டியாக்கே மூடியாச்சு, எஞ்சின் பார்ட்ஸ் ஈஸி, பம்பர் மாதிரி பாடி பார்ட்ஸ் தேடி அலையணும், அதனால முன்னாடி சின்னதா இடி வாங்கின வண்டியைக் கூட எடுக்காதீங்க. பெட்ரோல் டேங்க்கை டிக்கிக்குள்ள நகர்த்தி வச்சதுல டிக்கி சின்னது, ரெண்டு பெட்டி வச்சா ஃபுல்.

கே: வி6 வாங்கினா சிரிப்பாங்களா?

சிரிக்கட்டுமே. 2011 மஸ்டாங் வி6 305 குதிரைத்திறன், 2005 மாடல் ஜிடியோட வி8 300 தான். பெட்ரோல், இன்சூரன்ஸ் ரெண்டும் கம்மி. அந்த சத்தத்துக்காகத்தான் வாங்கறீங்கன்னா மட்டும் வி6 வாங்காதீங்க, ஆறே மாசத்துல வித்துட்டு வி8 தேடுவீங்க.

கே: இல்ல, எனக்குப் பழைய வண்டிதான் வேணும். எதை வாங்கறது, எங்க பாக்கறது?

சரி, விதி யாரை விட்டுது. 1968 சார்ஜர், 1970 செவர்லே செவல் எஸ்எஸ் எல்லாம் மறந்துடுங்க, நம்ம பட்ஜெட் இல்ல. 1965, 66 மஸ்டாங் கூபே, அதுல சாதாரண 289 கியூபிக் இன்ச் வி8ஓ ஆறு சிலிண்டரோ, அது வரும். கூரை பின்னாடி வரைக்கும் சரியற ஃபாஸ்ட்பேக் வராது. 1967லேர்ந்து 70 வரைக்கும் வந்த மெர்குரி கூகர் பாருங்க, அடியில எல்லாம் மஸ்டாங் தான், விலை அந்தளவு ஏறல, திரும்பும்போது பின்னாடி லைட் ஒண்ணொண்ணா வரிசையா எரியும், அதுக்கே வாங்கலாம். 318 எஞ்சின் போட்ட டாட்ஜ் டார்ட், பிளிமத் டஸ்டர், 350 போட்ட செவி நோவா எல்லாம் கூட இந்த ரேஞ்சுல பேசிப் பாக்கலாம்.

எஞ்சின் போனா மாத்தலாம், இரும்பு போனா முடிஞ்சுது. மிஷிகன், ஒஹாயோ, நியூயார்க் பக்கம் குளிர் காலத்துல ரோட்ல உப்பு கொட்டுவாங்க, அந்த ஊர் வண்டி அடியில அரிச்சுப் போயிருக்கும். அரிசோனா, நியூ மெக்சிகோ வண்டின்னா இரும்பு நல்லா இருக்கும், டாஷ்போர்டும் சீட்டும் வெயில்ல வெடிச்சிருக்கும், அது பரவாயில்ல, சீட்டைத் தைச்சுக்கலாம். வண்டி எங்க விக்குதுங்கறது முக்கியம் இல்ல, இத்தனை வருஷம் எங்க இருந்துதுங்கறது தான் முக்கியம், டைட்டில் (ஓனர்ஷிப் பேப்பர்) ஹிஸ்டரி கேளுங்க.

போகும்போது ஃப்ரிட்ஜ் மேல ஒட்டற சின்ன காந்தம் ஒண்ணு, டார்ச் ஒண்ணு, ஒரு பாட்டில் தண்ணி, அழுக்கானாப் பரவாயில்லங்கற ஒரு சட்டை. காந்தத்தை மெல்லிசுத் துணியில சுத்தி பின் சக்கர வளைவோட ஓரம், கதவுக்குக் கீழ, பின் ஃபெண்டரோட கடைசி இதெல்லாம் வச்சுப் பாருங்க, ஒட்டாம வழுக்கி விழுந்தா அங்க இரும்பு இல்ல, பாண்டோ புட்டி தான். ட்ரங்க் கார்பெட்டைத் தூக்குங்க. வினைல் கூரை இருந்தா சந்தேகமே இல்லாம சந்தேகப்படுங்க, அது அடியில தண்ணி நின்னு கூரையே அரிச்சிருக்கும். மஸ்டாங், கூகர்ல விண்ட்ஷீல்டுக்கு முன்னாடி காத்து போற சல்லடை இருக்கு பாத்தீங்களா, அதுல தண்ணியை மெதுவா ஊத்திட்டு உள்ள கால் வைக்கற இடத்துல டார்ச் அடிங்க, சொட்டினா அந்த உள் பெட்டி துருப்பிடிச்சாச்சு, அதை மாத்த வெல்டிங்கைப் பிரிச்சு முன்பக்கம் மொத்தமும் எடுக்கணும். தண்ணி ஊத்த ஓனர் விடலன்னா அதுவும் ஒரு பதில் தான்.

கே: ஒரிஜினல் எஸ்எஸ், ஒரிஜினல் வி8னு சொல்றாங்க, எப்படி நம்பறது?

நம்பாதீங்க, படிங்க. 60கள் மஸ்டாங் வின் நம்பர்ல அஞ்சாவது எழுத்து எஞ்சின் கோடு. 1965ல அது சின்ன கார்புரேட்டர் 289க்கு சி, பெரிய கார்புரேட்டர் 289க்கு ஏ, ஆறு சிலிண்டருக்கு டி (T). அந்த T இருந்து உள்ள வி8 இருந்தா பின்னாடி யாரோ மாத்தினது, அப்போ சக்கரத்தையும் எண்ணுங்க, ஆறு சிலிண்டர் வண்டிக்கு நாலு நட்டு, வி8க்கு அஞ்சு. நாலு நட்டோட வி8 ஓடுதுன்னா எஞ்சினை மட்டும் மாத்திட்டு ஆக்ஸிலும் பிரேக்கும் பழசையே விட்டிருக்கான்னு அர்த்தம். 1967 முதல் 69 கமாரோல வின் நம்பர் 124ன்னு ஆரம்பிச்சா வி8, 123ன்னா ஆறு சிலிண்டர், எஸ்எஸ்ஸான்னு அது சொல்லவே சொல்லாது. 1969லேர்ந்து 71 செவல் வின்னும் எஸ்எஸ்ஸான்னு சொல்லாது. ஃபோர்டு வண்டி 1967லயோ அதுக்கு அப்புறமோ வந்ததுன்னா மார்ட்டி ரிப்போர்ட்னு ஃபேக்டரி ரெக்கார்டைக் காசு கட்டி வாங்கலாம், போண்டியாக்குக்கு பிஎச்எஸ்னு ஒண்ணு இருக்கு. குளோன் வண்டி (சாதாரண மாடலை எஸ்எஸ் மாதிரி மாத்தினது) வாங்கறது தப்பே இல்ல, குளோன் விலைக்கு வாங்கினா. ஓட்டி அனுபவிக்கறவங்களுக்கு அதுதான் லாபமே.

17 இலக்க வின் 1981லதான் வந்துது, அதனால அதுக்கு முன்னாடி வந்த வண்டிக்கு கார்ஃபேக்ஸ் (வண்டி ஹிஸ்டரி ரிப்போர்ட்) பாக்க முடியாது. ஓடோமீட்டரும் பெரும்பாலும் அஞ்சு இலக்கம், 43,000ன்னு காட்டினா 1,43,000மா இருக்கலாம், பெடல் ரப்பர் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்தா உண்மை தெரிஞ்சுடும்.

கே: சூப்பர்சார்ஜர் போட்டு, ட்யூன் பண்ணி ஒரு வண்டி மலிவா வருது, எடுக்கலாமா?

வேணாம். எவனோ ஒரு பையன் லேப்டாப்பை வச்சு ட்யூன் பண்ணி, தினமும் டயர் புகைய விட்டு, கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சதும் விக்கறான். எக்ஸாஸ்ட், சக்கரம் மாத்தியிருந்தா ஓகே, பழைய பார்ட்ஸ் கராஜ்ல வச்சிருக்காரான்னு கேளுங்க. கலிஃபோர்னியாவுல இருக்கவங்க இன்னும் ஜாக்கிரதை, அங்க 1975 வரைக்கும் வந்த பெட்ரோல் வண்டிக்குத்தான் ஸ்மாக் டெஸ்ட் (புகைச் சோதனை) கிடையாது, 1976லேர்ந்து வந்ததுக்கு, ரொம்பப் புது வண்டி தவிர, உண்டு, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கிப் போட்ட வண்டி பாஸ் ஆகாது.

கே: இன்சூரன்ஸ் எவ்வளவு வரும்?

ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும், அதனால வண்டி பிடிச்சதும் பணம் பேசறதுக்கு முன்னாடி வின் நம்பரை வச்சு கோட் வாங்கிடுங்க. இருபத்தஞ்சு வயசுக்குக் கீழ இருக்கற தம்பிங்க கோட் பாத்துட்டு கேம்ரியே போதும்னு வந்தாலும் ஆச்சரியம் இல்ல. டாட்ஜ்னா திருட்டுக் கணக்கும் சேரும், 2023ல வந்த இன்சூரன்ஸ் ஆய்வு நிறுவனப் பட்டியல்ல ஓடற வண்டி எண்ணிக்கையோட ஒப்பிட்டா அதிகம் திருடு போனது சார்ஜர் ஹெல்கேட் தான். பழைய வண்டிக்கு சாதாரண பாலிசி எடுக்காதீங்க, ஹேகர்ட்டி மாதிரி கிளாசிக் கம்பெனிகள்ல "அக்ரீட் வேல்யூ"ன்னு கேட்டு எடுங்க, மொத்தமா போனா பேசி வச்ச தொகை அப்படியே வரும். கராஜ் இருக்கணும், தினசரி ஓட்ட வேற கார் இருக்கணும்னு கண்டிஷன் போடுவாங்க.

கே: திரும்பிப் போகும்போது ஊருக்குக் கொண்டு போகலாமா அண்ணா?

மறந்துடுங்க தம்பி. பொதுவா செகண்ட் ஹேண்ட் வண்டின்னா மூணு வருஷத்துக்குள்ள செஞ்சதா இருக்கணும், ரைட் ஹேண்ட் டிரைவா இருக்கணும், அதுக்கு மேல வரி வண்டி விலையைத் தாண்டிடும். ஃபோர்டே 2016ல மஸ்டாங்கை ரைட் ஹேண்டா இந்தியாவுல வித்தாங்க, ஆசை இருந்தா அதுல ஒண்ணை அங்கேயே தேடுங்க.

கே: எல்லாம் பிடிச்சுப் போச்சு, காசை எப்படிக் கொடுக்கறது?

முதல்ல வெளி மெக்கானிக் ஒருத்தர்கிட்ட லிஃப்ட்ல ஏத்திக் காட்டுங்க, அதுக்குக் கொடுக்கற காசு வீண் இல்ல, வேணாம்னு சொல்ற ஓனரை நீங்களும் வேணாம்னு சொல்லிடுங்க. டைட்டில்ல இருக்கற பேரும் எதிர்ல நிக்கறவர் லைசென்ஸ்ல இருக்கற பேரும் ஒண்ணான்னு பாருங்க, டேஷ்போர்டு வின், கதவு ஸ்டிக்கர் வின், டைட்டில் வின் மூணும் ஒண்ணா இருக்கணும். லோன் பாக்கி இருந்தா அவரோட பேங்க்குக்கே ரெண்டு பேரும் போங்க, லோனை அடைச்சு லியன் ரிலீஸ் (பேங்க் தன் உரிமையை விட்டதுக்கான பேப்பர்) கையில வர வரைக்கும் அவர் அக்கவுன்ட்டுக்கு ஒரு பைசா நேரா போகக்கூடாது. சால்வேஜ், ரீபில்ட், ஃப்ளட்னு (பெருசா அடிபட்ட, திரும்பக் கட்டின, வெள்ளத்துல மூழ்கின வண்டி) டைட்டில்ல ஒரு வார்த்தை இருந்தாலும் எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க. எல்லாம் சரியா இருந்தா பில் ஆஃப் சேல்ல கையெழுத்து வாங்கி, ஸ்பேர் சாவியைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு ஓட்டிக்கிட்டு வர்றதுக்கு முன்னாடியே போன்ல இன்சூரன்ஸைப் போட்டுடுங்க.